கர்ப்ப காலத்தில் ஈறு வீக்கமும் ரத்தக் கசிவும்: எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்

பல் துலக்கித் துப்பும்போது எச்சிலில் ரத்தம் தெரிந்ததும் கர்ப்பிணிகள் பலர் பிரஷ்ஷை ஓரமாக வைத்துவிட்டு விரலால் பற்பொடி தேய்க்கத் தொடங்குகிறார்கள். சில நாளில் ஈறு இன்னும் வீங்குகிறது, ரத்தமும் கூடுகிறது. "பிரசவம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். பிரசவம் முடிந்தால் கைக்குழந்தையை விட்டுவிட்டுப் பல் மருத்துவரிடம் போக நேரம் எங்கே கிடைக்கிறது? வலி தாங்காமல் ஒருவழியாக வரும்போது, ஒரு முறை சுத்தம் செய்திருந்தால் சரியாகியிருக்க வேண்டிய ஈறு, பல்லை ஆட்டும் அளவுக்குப் போயிருக்கும்.

பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் எனக்கு இது பழகிப்போன காட்சி. அதனால்தான் எதற்குப் பிறகு எதைச் செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறுவதுதான் இங்கே பெரிய சிக்கல்.

1. ரத்தம் ஏன் வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் தினமும் ஒட்டும் படலம் ஒன்று சேரும். அதில் கிருமிகள் இருக்கும். சாதாரண நாட்களில் ஈறு இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்கள் பல மடங்கு கூடுவதால் ஈறில் ரத்த ஓட்டம் அதிகரிக்கிறது. அதே அளவு அழுக்குக்கு ஈறு இப்போது இரண்டு மடங்கு கோபப்படும். சிவக்கும், உப்பும், தொட்டால் ரத்தம் வரும்.

இரண்டாம், மூன்றாம் மாதத்தில் இது தலைகாட்டும். எட்டாம் மாதம்வரை கூடிக்கொண்டே போய், பிரசவத்துக்குப் பிறகு தணியும். கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓர் அளவில் வருவதுதான்.

ஹார்மோனை நாம் ஒன்றும் செய்ய முடியாது, அழுக்கை எடுக்க முடியும். அதனால் ரத்தம் வரும் இடத்தில்தான் இன்னும் கவனமாகத் துலக்க வேண்டும். துலக்குவதை நிறுத்தினால் படலம் தடித்துக் காரையாக இறுகிவிடும். அதற்குப் பிறகு பிரஷ் எதுவும் செய்யாது.

வயிற்றில் இருக்கும் குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால்தான் பல் போகிறது என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். பல்லில் இருக்கும் கால்சியம் அப்படிக் கரைந்து குழந்தைக்குப் போவதில்லை. இந்த நம்பிக்கையால் வரும் கெடுதல், "பல் போவது இயற்கைதானே" என்று விட்டுவிடுவது.

ஈறு மட்டும் வீங்கியிருக்கும் நிலையை முழுவதும் சரிசெய்யலாம். ஈறுக்கு அடியில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையத் தொடங்கிவிட்டால், கரைந்தது தானாகத் திரும்பி வளராது. மேலும் மோசமாகாமல் நிறுத்தலாம், அவ்வளவுதான்.

முற்றிய ஈறு நோய் உள்ள பெண்களுக்குக் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் கர்ப்பத்தின்போது ஈறுக்குச் சிகிச்சை செய்தால் குறைமாதப் பிரசவம் குறையுமா என்று பார்த்து 2006இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில் அது குறையவில்லை. அந்தச் சிகிச்சை தாய்க்கும் குழந்தைக்கும் பாதுகாப்பானது, ஈறு தேறியது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே பயந்துபோய்ச் செய்ய வேண்டாம். உங்கள் வாய் நன்றாக இருப்பதற்காகவே செய்யுங்கள்.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

மென்மையான இழைகள் கொண்ட, தலைப்பகுதி சிறிய பிரஷ். பெரிய தலை கடைவாய்ப் பல்வரை போகும்போது குமட்டும். பெரியவர்களுக்கான பிரஷ் எல்லாமே பெரிதாகத் தெரிந்தால் சிறுவர் பிரஷ்ஷையே வாங்குங்கள், தவறில்லை.

ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட். மூலிகை பேஸ்ட் பலவற்றில் ஃப்ளூரைடு இருக்காது. அட்டையில் சோடியம் ஃப்ளூரைடு அல்லது சோடியம் மோனோஃப்ளூரோபாஸ்பேட் என்று இருக்கிறதா, 1000 பிபிஎம் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணீரிலேயே ஃப்ளூரைடு அதிகம் என்பதால் பேஸ்ட்டுக்கும் பயப்படுகிறவர்கள் உண்டு. பேஸ்ட்டைத் துப்பிவிடுகிறோம். அங்கே கவனிக்க வேண்டியது குடிக்கும் தண்ணீரை.

பல் இடுக்குக்கு ஃப்ளாஸ் நூல் அல்லது இடுக்குப் பிரஷ். சேலையில் குத்தியிருக்கும் ஊக்கைக் கழற்றி இடுக்கைக் குத்துவது நம்மிடம் இருக்கும் மோசமான பழக்கம். ஏற்கெனவே வீங்கிய ஈறில் அது நேராகக் காயத்தையும் சீழையும் கொண்டுவரும்.

சமையலறையில் ஆப்ப சோடா இருக்கட்டும். வாந்தி வரும் நாட்களில் தேவைப்படும்.

செங்கல் பொடி, கரி, உப்புத்தூள், கொரகொரப்பான சிவப்புப் பற்பொடி ஆகியவற்றைப் பிரசவம் வரைக்குமாவது ஒதுக்கி வையுங்கள். இவை பல்லின் மேல்பூச்சைத் தேய்க்கும், ஈறைக் கீறும். ஈறு விளிம்புக்கு அடியில் இருக்கும் படலத்தை எடுக்காது. நல்லெண்ணெய் கொப்பளிக்கும் வழக்கம் இருந்தால் தொடரலாம், ஆனால் அது துலக்குவதற்கு மாற்று இல்லை.

3. கண்ணாடி முன் நின்று ஒருமுறை முழுதாகப் பாருங்கள்

வீட்டிலேயே சரிசெய்யக்கூடியதா, மருத்துவரிடம் போக வேண்டியதா என்று பிரித்தால்தான் அடுத்த படி தெரியும். போன் டார்ச்சை வாய்க்குள் காட்டி உதட்டை விலக்கிப் பாருங்கள். கீழ் முன்பற்களின் உள்பக்கத்தைத் தவறவிடாதீர்கள், காரை முதலில் அங்கேதான் படியும்.

ஈறு விளிம்பு மட்டும் சிவந்து, துலக்கும்போது கொஞ்சம் ரத்தம் வந்தால், ஐந்தாம் பகுதியில் சொல்லும் முறையில் இரண்டு வாரம் சரியாகத் துலக்கிப் பாருங்கள். பெரும்பாலும் குறையும். குறைந்தாலும் ஒருமுறை பரிசோதனைக்குப் போவது நல்லதுதான், ஆனால் அவசரம் இல்லை.

மஞ்சளாகவோ பழுப்பாகவோ கல் மாதிரி காரை ஒட்டியிருந்தால், பல் ஆடினால், ஈறை அழுத்தினால் சீழ் வந்தால், வாய் நாற்றம் துலக்கியும் போகாவிட்டால், சொத்தைக் குழி தெரிந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க நாள் வாங்குங்கள்.

சிலருக்கு இரண்டு பல்லுக்கு நடுவே ஈறிலிருந்து சிவப்பாக ஒரு சதைக் கட்டி வளரும். தொட்டாலே ரத்தம் கொட்டும். பார்த்ததும் புற்றுநோய் என்று அழுதுவிடுகிறார்கள். இது புற்றுநோய் இல்லை, கர்ப்ப கால ஈறுக் கட்டி. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானாகச் சுருங்கும். மெல்ல விடாமல் இடைஞ்சல் செய்தாலோ ரத்தம் நிற்காமல் வந்தாலோ மட்டும் இடையில் எடுப்பார்கள். இன்னதுதான் என்று மருத்துவர் பார்த்து உறுதிசெய்வது அவசியம்.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டியவையும் உண்டு. முகமோ தாடைக்கு அடியோ வீங்குவது, வாயைத் திறக்க முடியாமல் போவது, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், பல் வலியோடு காய்ச்சல். இரவாக இருந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள், கழுத்துக்கு இறங்கும் சீழ் சில மணி நேரத்தில் மூச்சை அடைத்துவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு ஈறில் ரத்தம் வந்தால், தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், மூக்கிலும் ரத்தம் வந்தால் அது பல் பிரச்சினை இல்லை. டெங்குவாக இருக்கலாம், ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி இவற்றோடு ரத்தக் கசிவு வந்தால் ரத்த அழுத்தச் சிக்கலாக இருக்கலாம். இந்த இரண்டிலும் பல் மருத்துவரைத் தேடி நேரத்தை வீணாக்காமல் பிரசவம் பார்க்கும் மருத்துவமனைக்கு உடனே போங்கள்.

4. வாந்தி எடுத்தவுடன் துலக்காதீர்கள்

மசக்கையில் காலையில் வாந்தி எடுத்ததும் வாய் கசக்கும், உடனே பிரஷ் எடுப்பது இயல்பு. அங்கேதான் தவறு நடக்கிறது. வயிற்று அமிலம் பட்ட பல்லின் மேல்பூச்சு சிறிது நேரம் இளகியிருக்கும். அப்போது தேய்த்தால் அந்தப் பூச்சே தேய்ந்து வரும். மாதக்கணக்கில் இப்படித் தேய்த்தவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பல் கூசும்.

முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவைக் கலக்கிக் கொப்பளித்துத் துப்புங்கள். அது அமிலத்தை முறிக்கும். சோடா இல்லாவிட்டால் வெறும் தண்ணீரே போதும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

பிரஷ்ஷை வாயில் வைத்தாலே குமட்டுகிறவர்கள் காலையில்தான் துலக்க வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிடுங்கள். பத்து மணிக்கோ மதியமோ, குமட்டல் தணிந்திருக்கும் நேரத்தில் துலக்கலாம். தலையை முன்னால் குனிந்து, மூக்கால் மூச்சுவிட்டு, முன்பற்களில் தொடங்கிக் கடைவாயைக் கடைசிக்கு வையுங்கள். பேஸ்ட்டின் புதினா வாசனை ஆகாவிட்டால் காரம் குறைந்த வேறு பேஸ்ட்டுக்கு மாறுங்கள். அதுவும் முடியாத நாளில் பேஸ்ட் இல்லாமல் வெறும் பிரஷ்ஷால் துலக்குங்கள். படலத்தை எடுப்பது பிரஷ்தான், பேஸ்ட் இரண்டாவதுதான்.

5. ஈறு விளிம்பில் துலக்கும் முறை

பெரும்பாலானவர்கள் பல்லின் நடுவைத்தான் தேய்க்கிறார்கள். அழுக்கு இருப்பது விளிம்பில். பிரஷ்ஷை 45 டிகிரி சாய்த்து, இழைகளின் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி வையுங்கள். இரண்டு இரண்டு பல்லாக, சின்னதாக அசைத்து, பிறகு ஈறிலிருந்து பல்லை நோக்கி வழித்து விடுங்கள். குறுக்கே வேகமாக அறுப்பது போல இழுக்க வேண்டாம். பிரஷ்ஷை விரல் நுனிகளால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும்.

வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பரப்பு என்று இரண்டு நிமிடம் ஆகும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் இரவுத் துலக்கலை விடாதீர்கள். தூங்கும்போது எச்சில் சுரப்பு குறையும், அதனால் இரவு முழுக்கப் படலத்துக்குத் தடையே இருக்காது. துலக்கிய பிறகு நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளூரைடு போய்விடும்.

முதல் வாரம் ரத்தம் வரத்தான் செய்யும், பயந்து நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இரவில் இடுக்குகளில் ஃப்ளாஸ் விடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது வீங்கிய ஈறுக்கு இதமாக இருக்கும். மவுத்வாஷ் வேண்டுமானால் ஆல்கஹால் இல்லாததை வாங்குங்கள். மருத்துவர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமி கொல்லும் மவுத்வாஷை எழுதிக்கொடுத்தால் சொன்ன நாட்களுக்கு மட்டும். நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும். பேஸ்ட் போட்டுத் துலக்கியவுடன் அதைக் கொப்பளித்தால் சரியாக வேலை செய்யாது, அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

6. எந்த மாதத்தில் பல் மருத்துவரிடம் போவது

கர்ப்பம் என்று தெரிந்ததும் ஒரு பரிசோதனைக்குப் போவது நல்லது. அவசரமில்லாத வேலைகளுக்கு ஏற்ற காலம் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம்வரை. மசக்கை தணிந்திருக்கும், வயிறும் நாற்காலியில் சாய முடியாத அளவுக்குப் பெரிதாகியிருக்காது. காரையை எடுத்துச் சுத்தம் செய்யும் ஸ்கேலிங், சொத்தை அடைப்பது எல்லாவற்றையும் இதற்குள் முடித்துவிட்டால் கடைசி மூன்று மாதம் நிம்மதி.

இதை "முதல் மூன்று மாதமும் கடைசி மூன்று மாதமும் பல்லைத் தொடவே கூடாது" என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வலி, சீழ், வீக்கம் இருந்தால் எந்த மாதமானாலும் சிகிச்சை செய்ய வேண்டும். சிகிச்சையைவிடத் தொற்றுதான் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. பல்லை வெள்ளையாக்குவது, கம்பி கட்டத் தொடங்குவது, இம்ப்ளான்ட் போன்றவற்றைத்தான் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும்.

அரசு மருத்துவமனையில் மாதப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் அதே நாளில் பல் பிரிவுக்கும் ஓ.பி. சீட்டு கேளுங்கள். மாவட்ட மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு, பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கிறது. செவிலியர் தானாகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். இலங்கையில் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கிலிருந்தே பல் மருத்துவரிடம் அனுப்பும் வழக்கம் இருக்கிறது, அனுப்பினால் தட்டிக்கழிக்காமல் போய்வாருங்கள்.

7. போகும் அன்று

கர்ப்பப் பரிசோதனை அட்டை, சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, சர்க்கரை மற்றும் ரத்த அழுத்த அளவுகள் ஆகியவற்றைக் கையில் எடுத்துப் போங்கள். எத்தனையாவது வாரம் என்பதைப் போனதும் முதலில் சொல்லுங்கள். மூன்றாம் மாதத்தில் வயிறு தெரியாது, சொல்லாவிட்டால் மருத்துவருக்குத் தெரிய வழியில்லை. முன்பு கருக்கலைவு நடந்திருந்தாலோ நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று சொல்லியிருந்தாலோ அதையும் சொல்லுங்கள்.

ரத்த அழுத்தம் வராமல் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்களா? ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுகிறீர்களா? நீங்களாக நிறுத்திவிட்டு வரக்கூடாது. பல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஒரு மணி நேரம் முன்பு சாப்பிட்டுவிட்டுப் போனால் மயக்கம் வராது.

நாற்காலியில் முழுக்க மல்லாந்து படுக்க வேண்டாம், குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு. கருப்பை முதுகுப்பக்கம் இருக்கும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், தலைசுற்றும், வியர்க்கும். வலது இடுப்புக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்து இடதுபக்கம் சற்றுச் சாயுங்கள். தலையணை கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நடுவில் ஒருமாதிரி இருந்தால் கையைத் தூக்குங்கள், இடதுபக்கம் திரும்பிப் படுத்தால் சில நிமிடத்தில் சரியாகும்.

8. ஸ்கேலிங், ஊசி, எக்ஸ்ரே: எதற்குப் பயப்பட வேண்டியதில்லை

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடுக்கு விழும் என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருக்கிறது. காரை ஏற்கெனவே ஈறைக் கீழே தள்ளி இடைவெளியை உண்டாக்கியிருக்கும், அந்த இடைவெளியைக் காரையே அடைத்துக்கொண்டும் இருக்கும். காரையை எடுத்ததும் அது கண்ணுக்குத் தெரிகிறது. சில நாள் பல் கூசும், பிறகு ஈறு இறுகும்.

மரத்துப்போக லிக்னோகெயின் ஊசி கர்ப்பத்தில் போடலாம். ஊசி வேண்டாம் என்று வலியைத் தாங்கிக்கொள்வதில் குழந்தைக்கு எந்த நன்மையும் இல்லை. பல் எக்ஸ்ரேயின் கதிர் அளவு மிகச் சிறியது, அது வாயை நோக்கி விழுவது, வயிற்றை நோக்கி அல்ல. தேவை என்று மருத்துவர் சொன்னால் எடுக்கலாம். கவசம் போட்டுவிட்டால் மனத்துக்குத் தெம்பாக இருக்கும் என்றால் கேளுங்கள். வேர் சிகிச்சை, பல் பிடுங்குவது இரண்டும்கூடத் தேவைப்பட்டால் செய்யக்கூடியவைதான்.

சொத்தை அடைக்கும்போது பாதரசம் கலந்த வெள்ளி நிற அடைப்பைத் தவிர்த்து, பல் நிறத்தில் இருக்கும் அடைப்பைக் கேளுங்கள். வாயில் ஏற்கெனவே இருக்கும் பழைய வெள்ளி அடைப்பு பழுதாகாமல் இருந்தால் இப்போது நோண்டி எடுக்க வேண்டாம், எடுக்கும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வரும்.

9. மருந்துக் கடையில் கேட்டு வாங்காதீர்கள்

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பல் வலி என்று யாரையாவது கடைக்கு அனுப்பினால், கர்ப்பிணிக்கு என்று கடைக்காரருக்குத் தெரியாது. இரண்டு மாத்திரை வந்துவிடும்.

ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகள் கர்ப்பத்தில் வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தருகே உள்ள ரத்தக் குழாய் முன்கூட்டியே மூடவும் காரணமாகலாம். பாராசிட்டமாலோடு இவற்றைக் கலந்த மாத்திரைகள் நிறைய விற்கின்றன. அட்டையின் பின்பக்கத்தைப் படித்து, பாராசிட்டமால் மட்டும் இருப்பதையே மருத்துவர் சொன்ன அளவில் எடுங்கள்.

டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் கூடவே கூடாது. உருவாகிக்கொண்டிருக்கும் குழந்தையின் பல்லில் நிரந்தரக் கறை விழும். ஈறு நோய்க்கு டாக்சிசைக்ளின் எழுதும் வழக்கம் இருப்பதால்தான் கர்ப்பத்தை முதலிலேயே சொல்லச் சொன்னேன். அமாக்சிசிலின் போன்றவை பொதுவாகப் பாதுகாப்பானவை, ஆனால் ஒவ்வாமை உண்டா என்று கேட்டு மருத்துவர்தான் தர வேண்டும். தந்தால் வலி நின்ற அன்றே நிறுத்திவிடாமல் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மாத்திரை மட்டும் போதும் என்று பல்லை அப்படியே விடுவதும் தவறு. காரணம் உள்ளேயே இருந்தால் சீழ் மறுபடி வரும்.

கிராம்புத் தைலத்தை நேராக ஈறில் ஊற்றுவதும், ஆஸ்பிரினை நுணுக்கிப் பல்லுக்குப் பக்கத்தில் வைப்பதும் ஈறை வெந்துபோகச் செய்யும். வெந்த ஈறோடு வந்தால் பல் வலியோடு அந்தப் புண்ணையும் சேர்த்து ஆற்ற வேண்டியிருக்கும்.

10. வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிடுங்கள், ஆனால் நேரம் பிரித்து

மாங்காய், புளி, நெல்லிக்காய் ஆசை வந்தால் அடக்க வேண்டியதில்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்தால்தான் பல் எப்போதும் அமிலத்தில் ஊறும். ஒரே நேரத்தில் சாப்பிட்டுவிட்டு வாயைத் தண்ணீரில் கொப்பளியுங்கள், உடனே துலக்காதீர்கள். வளைகாப்பு இனிப்புக்கும் இதே கணக்குதான்.

கர்ப்ப காலச் சர்க்கரை இருக்கிறவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும், முற்றிய ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதையும் கடினமாக்கும். அவர்கள் ஆறாம் பகுதியில் சொன்ன பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

11. பிரசவத்துக்குப் பிறகு

வீக்கம் சில வாரங்களில் தணியும். காரை தணியாது. குழந்தைக்கு முதல் தடுப்பூசிகள் போட வெளியே போகும் காலத்தில், அதாவது ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள், உங்கள் பல்லுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். பாலூட்டுவதைச் சொல்லிவிட்டால் அதற்கேற்ற மருந்தைத் தருவார்கள்.

பிரசவ லேகியம் கருப்பட்டி சேர்த்துப் பிசுபிசுப்பாக இருக்கும். சாப்பிட்டதும் கொப்பளியுங்கள். பச்சைத் தண்ணீர் தொடக்கூடாது என்று வீட்டில் சொன்னால் வெந்நீரில் துலக்குங்கள், ஆனால் துலக்குவதை விடாதீர்கள். இரவில் பாலூட்ட எழுந்து பிஸ்கட் சாப்பிட்டால் அதற்குப் பிறகு ஒரு வாய்த் தண்ணீராவது கொப்பளித்துவிட்டுப் படுங்கள்.

சொத்தையை உண்டாக்கும் கிருமி எச்சில் வழியாகக் குழந்தைக்குப் போகும். சோற்றை நம் வாயில் மசித்து ஊட்டுவது, ஒரே ஸ்பூனைப் பகிர்வது, கீழே விழுந்த நிப்பிளை நம் வாயில் வைத்துச் சுத்தம் செய்வது எல்லாம் வேண்டாம். பாட்டிக்கும் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். ஆறு மாதத்தையொட்டி முதல் பல் முளைத்ததும் அரிசி மணியளவு ஃப்ளூரைடு பேஸ்ட்டில், சின்ன பிரஷ்ஷால் இரண்டு வேளையும் துலக்கிவிடுங்கள்.